செஞ்சோற்றுக் கடனும் மனச்சாட்சியும்



“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது எமது வீடுகளில் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்படும் பழமொழி. ஒருவர் கையால் ஒரு வேளை சோறு உண்டாலும் அவருக்குத் துரோகம் நினைக்கக் கூடாது என்பது எமது முன்னோர் காட்டிய ஒழுக்கம். வேலை தந்தவருக்கும் அப்படியே. மாதம் முடியச் சம்பளம் தருகின்ற கம்பனிக்கு, கடைக்கு, கந்தோருக்கு உண்மையாய் இருக்க வேண்டும். அதன் பொருளில் கை வைக்கக் கூடாது. நேரத்தை வீணாக்கக் கூடாது என்று புத்தி சொல்லித்தான் பெற்றோர் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிறார்கள்.

நல்ல புத்திதான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நாம் பிள்ளைகளோடு அநேகமாகப் பேசுவதேயில்லை. வேலை தந்தவரிடம் களவெடுப்பது பிழை என்று சொல்கிறோம். வேலை தந்தவருக்காகக் களவெடுப்பது என்ன? முதலாளியை ஏமாற்றக் கூடாது என்கிறோம். முதலாளிக்காக வாடிக்கைக்காரரை ஏமாற்றலாமா?

கம்பனிக்கு நட்டம் வராமல் இருப்பதற்காகக் கணக்கைத் திருத்தி எழுதும் லிகிதரை எண்ணிப் பாருங்கள். பழுதான பொருளை நல்லதென்று சொல்லி விற்கும் விற்பனையாளரை எண்ணிப் பாருங்கள். பரிசோதனையின் முடிவை மாற்றி எழுதும் பொறியியலாளரை எண்ணிப் பாருங்கள். இவர்கள் ஒரு சதத்தையேனும் தம் சட்டைப்பைக்குள் போடாதவர்களாக இருக்கலாம். வீட்டிலே நல்ல தகப்பனாய், நல்ல தாயாய், அயலுக்கு உதவுபவராய் இருக்கலாம். ஆயினும் வேலைத்தலத்திலே, தமக்காகச் செய்யத் துணியாத ஒன்றைக் கம்பனிக்காகச் செய்துவிடுகிறார்கள். ஏன் இப்படி?

இக்கேள்வியை உலகறிந்த ஒரு சம்பவத்தை வைத்து இன்று ஆராய்வோம். நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டு, ஆவணங்களில் பதியப்பட்ட சம்பவம் இது. ஆதலால் ஊகம் எதுவும் தேவையில்லை.

வொல்ஸ்பேர்க் நகரத்துக் கதை

ஜேர்மனியின் வட பகுதியில் வொல்ஸ்பேர்க் என்றொரு நகரம் இருக்கின்றது. 1938ஆம் ஆண்டிலே ஒரு கார்த் தொழிற்சாலைக்காகவே உண்டாக்கப்பட்ட நகரம் அது. அந்தத் தொழிற்சாலைதான் வொக்ஸ்வாகன். தகப்பன் வேலை செய்த இடத்தில் மகனும் பின்னர் பேரப்பிள்ளையும் வேலை செய்வது அங்கே புதுமையல்ல. தொழிற்சாலை வாழ்ந்தால் நகரம் வாழும். தொழிற்சாலை நொந்தால் நகரம் நோகும்.

2006ஆம் ஆண்டளவில் இக்கம்பனியின் பொறியியலாளர்கள், ஐக்கிய அமெரிக்காவில் விற்பதற்கென ஒரு புதிய டீசல் எஞ்சினை உருவாக்கிக் கொண்டிருந்தார்கள். டீசல் புகையோடு வெளிவரும் நைதரசன் ஒட்சைட்டு என்னும் வாயு மனிதரின் சுவாசக் குழாய்களை அரிக்கச் செய்வது. ஆஸ்த்துமா நோயுள்ளவர்களின் வருத்தத்தைக் கூட்டுவது. ஆதலால் அவ்வாயு எவ்வளவு வெளியேறலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டம் கடுமையான எல்லை ஒன்றை விதித்திருந்தது. அந்த எல்லைக்குள் அடங்கவும் வேண்டும். வாங்குவோர் விரும்பும் விதத்தில் கார் ஓடவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாய்ச் செய்யத் தங்களால் முடியவில்லை என்பதைப் பொறியியலாளர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. “முடியவில்லை, இன்னும் காலமும் பணமும் வேண்டும்” என்று மேலிடத்துக்குச் சொல்வது ஒன்று. முடிந்தது போலக் காட்டுவது மற்றொன்று. அவர்கள் இரண்டாவதைத் தெரிந்தார்கள்.

காரின் கணனிக்குள் ஒரு மென்பொருளைப் புகுத்தினார்கள். அரசாங்கத்தின் பரிசோதனை கூடத்திலே கார் வீதியில் ஓடுவதில்லை. உருளைகளின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டு, நின்ற இடத்திலேயே சில்லுகள் சுழலும். வேகம் கூடிக் குறைவதும் ஓடும் நேரமும் ஏற்கெனவே குறிக்கப்பட்ட ஒழுங்கில் அமையும். இவற்றைக் கொண்டு “இது பரிசோதனை” என்று மென்பொருள் அறிந்துகொள்ளும். உடனே புகையைச் சுத்திகரிக்கும் ஏற்பாடு முழுமையாய் வேலை செய்யும். கார் வீதிக்கு வந்ததும் அந்த ஏற்பாடு தளர்ந்துவிடும். வீதியில் ஓடும்போது வெளிவந்த வாயு, சட்டம் அனுமதித்த அளவிலும் 40 மடங்கு வரை கூடியிருந்ததாக அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பின்னர் அறிவித்தது.

பரீட்சை மண்டபத்தில் மட்டும் நல்ல பிள்ளையாய் நடப்பதற்கு ஓர் இயந்திரத்துக்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம். இவ்வகைக் கார்கள் உலகம் முழுவதிலும் சுமார் 1 கோடி 10 இலட்சம் விற்கப்பட்டன. அமெரிக்காவிலே “சுத்தமான டீசல்” என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டன. சூழல் கெடக் கூடாது என்று எண்ணியே பலர் அக்கார்களை வாங்கினார்கள் என்பதுதான் இதில் மிகவும் வருத்தமான விடயம்.

செய்தவர்கள் யார்?

இதைச் செய்தவர்கள் இரவிலே பூட்டுடைக்கும் திருடர்கள் அல்லர். நன்றாய்ப் படித்தவர்கள், பல ஆண்டு சேவை உடையவர்கள். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் லியாங் என்னும் பொறியியலாளர். 1983ஆம் ஆண்டிலிருந்து அக்கம்பனியில் வேலை செய்தவர். 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் டிட்ரொயிற் நகர நீதிமன்றம் அவருக்கு 40 மாதச் சிறைத்தண்டனையும் 2 இலட்சம் டொலர் தண்டப்பணமும் விதித்தது. பண ஆசையினால் அல்ல, வேலை தந்த கம்பனி மீது வைத்த தவறான விசுவாசத்தினாலேயே அவர் இதைச் செய்தார் என்று அவருடைய வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எடுத்துரைத்தார்.

கவனியுங்கள். “நான் செய்யவில்லை” என்பதல்ல வாதம். “நான் விசுவாசமாயிருந்தேன்” என்பதே வாதம். நாம் பிள்ளைகளுக்குப் புண்ணியமாய்ப் போதிக்கின்ற விசுவாசம், அங்கே குற்றத்துக்குக் காரணமாய் நிற்கின்றது.

இனி, நல்ல மனிதரை இவ்விடத்துக்குக் கொண்டுவருகின்ற காரணங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது காரணம்: நன்றிக்கடன்

2010ஆம் ஆண்டில் எலிசபெத் அம்பிரெஸ், ஜோன் பிங்கம், மேரி மிச்சல் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் வேலை செய்வோர் மத்தியில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொழில் தரும் நிறுவனத்துக்கு நன்மை வரவேண்டுமென்று ஊழியர் செய்யும் ஒழுக்கக்கேடான செயல்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். இத்தகைய செயலுக்கு இரண்டு மனநிலைகள் ஒன்றுசேர்வது வழி திறப்பதாகக் கண்டார்கள். ஒன்று, “கம்பனி வேறு நான் வேறு அல்ல” என்று தன்னை அதனோடு இணைத்துக்கொள்வது. மற்றது, “எனக்கு நன்மை செய்தவருக்கு நான் நன்மை செய்தே தீர வேண்டும்” என்ற உறுதியான எண்ணம். முதலாவது மட்டும் இருப்பது போதவில்லை. இரண்டும் சேர்ந்த இடத்திலேயே பிழை செய்யும் மனம் கூடியது.

இதை வாசிக்கையில் கர்ணனின் நினைவு எமக்கு வராமற் போகாது. துரியோதனன் பக்கம் நியாயம் இல்லையென்று கர்ணன் அறியாதவன் அல்லன். ஆயினும் தன்னை மதித்து நாடு தந்தவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் கழிக்க வேண்டுமென்று அவன் பக்கமே நின்று மாண்டான். கர்ணனுக்காகக் கண்ணீர் விடுகிறோம், அவனைப் போற்றுகிறோம். ஆனால் அவன் துணை நின்றதனால் எத்தனை பேர் துன்புற்றார்கள் என்று நாம் கேட்பதில்லை. நன்றி என்பது இருவருக்கிடையிலுள்ள கடன். அந்தக் கடனை மூன்றாம் ஆளின் பணத்தில் தீர்க்க எமக்கு உரிமை இல்லை. என் முதலாளிக்கு நான் பட்ட கடனை, முன்பின் அறியாத ஒரு பிள்ளையின் சுவாசத்தைக் கொண்டு அடைப்பது நன்றியாகுமா?

இரண்டாவது காரணம்: பயமும் இலக்கும்

2018ஆம் ஆண்டுக்குள் உலகத்தின் முதலாவது கார்க் கம்பனியாவோம் என்பது வொக்ஸ்வாகன் தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு. அமெரிக்கச் சந்தையில் பெருகாமல் அந்த இலக்கை எட்டுவது கடினம். மேலே இருப்பவர் இலக்கை மட்டும் சொல்லி, அதை எட்டுவதற்கு நேர்மையான வழி உண்டோ இல்லையோ என்று கேளாமல் விடும்போது, கீழே இருப்பவர்கள் அந்தக் கேள்விக்குத் தாங்களே ஒரு பதிலைச் செய்துகொள்கிறார்கள்.

அப்படியானால் ஒருவருமே மறுத்துப் பேசவில்லையா? பேசினார்கள். 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே கீழ்நிலைப் பொறியியலாளர் சிலர் இந்த மென்பொருள் சரியானதல்ல என்று ஆட்சேபித்து, விடயத்தை மேலதிகாரி ஒருவரிடம் கொண்டு சென்றார்கள். வேலையைத் தொடரும்படி அவர் தீர்மானித்தார். அகப்பட்டுக்கொள்ள வேண்டாம் என்ற கருத்திலும் அறிவுறுத்தினார். இது கம்பனியே அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட உண்மைகளில் ஒன்று.

அவர்கள் ஒரு முறை பேசினார்கள். ஒரு முறை மறுக்கப்பட்டதும் அடங்கினார்கள். அவர்களை நாம் இலகுவாய்ப் பழிக்க வேண்டாம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு, வயது போன தாய் தகப்பனின் மருந்து, இவையெல்லாம் ஒரு சம்பளத்திலே தொங்கிக் கொண்டிருக்கும்போது இரண்டாம் முறை வாய் திறப்பது எவருக்கும் கடினமே. ஆனால் அந்த இரண்டாம் முறை பேசப்படாததனால் மோசடி இன்னும் ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

பயத்தின் பக்கத்தில் ஆசையும் நிற்கும். அதே வழக்கில் ஒலிவர் ஸ்மிட் என்ற இன்னுமோர் அதிகாரிக்கு 2017 டிசெம்பரில் ஏழு ஆண்டுச் சிறையும் 4 இலட்சம் டொலர் தண்டமும் விதிக்கப்பட்டன. விடயத்தை மூடி மறைப்பதை அவர் பதவி உயர்வுக்கு ஒரு படியாகக் கண்டார் என்று நீதிபதி குறிப்பிட்டார். கம்பனிக்காகச் செய்கிறேன் என்று சொல்பவர், அந்தச் சொல்லுக்கு அடியிலே தமக்காகவும் கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கவில்லையா என்று தம்மையே கேட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது காரணம்: பிழைக்கு வேறு பெயர் வைத்தல்

வொக்ஸ்வாகன் பொறியியலாளர்கள் தங்கள் மென்பொருளை “ஏமாற்றும் கருவி” என்று அழைத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவர்கள் வைத்த பெயர்களில் ஒன்று “ஒலிச் செயற்பாடு”. எஞ்சினின் சத்தத்தோடு சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு சிறு வேலை என்றே கேட்பவருக்குத் தோன்றும்.

இது புதிய பழக்கமல்ல. 1961ஆம் ஆண்டு பெப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்திலே 29 மின்னியந்திரக் கம்பனிகள் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டன. ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய கம்பனிகளின் அதிகாரிகள் இரகசியமாய்க் கூடி, யார் எந்த விலைக்குக் கேள்விப்பத்திரம் கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி, அரசாங்கத்திடமும் மின்சார சபைகளிடமும் கூடிய விலை வாங்கியிருந்தார்கள். ஏழு அதிகாரிகள் 30 நாள் சிறை சென்றார்கள். அவர்களிற் பலர் தங்கள் ஊரிலே மதிப்புள்ள குடும்பத் தலைவர்கள். கூட்டத்துக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலை அவர்கள் “நத்தார் வாழ்த்து மடல் பட்டியல்” என்று அழைத்தார்கள். கூட்டத்துக்கு வைத்த பெயர் “பாடகர் குழுப் பயிற்சி”!

கோயிலிலே பாட்டுப் பழகும் எமது பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இது சிரிப்புக்குரியதல்ல. அல்பேட் பண்டூரா என்னும் உளவியல் பேராசிரியர் மனச்சாட்சி எவ்வாறு உறங்க வைக்கப்படுகின்றது என்பதைப் பல காலம் ஆராய்ந்தவர். செய்யும் செயலுக்கு மென்மையான பெயர் வைப்பதும், நல்ல நோக்கம் ஒன்றைக் காட்டி அதை நியாயப்படுத்துவதும், “மற்றவர்கள் செய்வதோடு பார்த்தால் இது பெரிதல்ல” என்று ஒப்பிடுவதும், பொறுப்பை வேறொருவர் தலையில் வைப்பதும், பாதிக்கப்படுவோரைப் பாராமல் விடுவதும் அதற்குரிய வழிகள் என்று அவர் காட்டினார். மனச்சாட்சியை எவரும் ஒரே அடியாய்க் கொல்வதில்லை. தாலாட்டியே உறங்க வைக்கிறார்கள். தாலாட்டுக்குச் சொற்கள் வேண்டும் அல்லவா?

எமது வேலைத்தலங்களிலும் இத்தகைய சொற்கள் இல்லையா? “கொஞ்சம் சரிக்கட்டுவோம்”, “எழுத்து வேலையைத் திருத்துவோம்”, “எல்லாரும் செய்வதுதானே”, “மேலிடத்து விருப்பம்”. இச்சொற்கள் காதில் விழும்போது ஒரு கணம் நின்று, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் செயல் எது என்று பார்க்கப் பழகுவோமாக.

நான்காவது காரணம்: பொறுப்பைப் பங்கிடுதல்

பெரிய நிறுவனத்திலே ஒரு பிழையை எவரும் முழுதாய்ச் செய்வதில்லை. ஒருவர் மென்பொருளை எழுதுகிறார். இன்னொருவர் அதைக் காரில் பொருத்துகிறார். மூன்றாமவர் விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிடுகிறார். நான்காமவர் விளம்பரம் எழுதுகிறார். “நான் என் பங்கை மட்டும் செய்தேன்” என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். பெரிய பாறாங்கல்லைப் பத்துப் பேர் சேர்ந்து தூக்கினால் ஒருவருக்கும் பாரம் தெரியாது. ஆனால் அந்தக் கல் ஒருவன் மேல் விழும்போது முழுப் பாரத்தோடுதான் விழும்.

உத்தரவு கொடுத்தவர் “விபரம் எனக்குத் தெரியாது” என்பார். உத்தரவை நிறைவேற்றியவர் “எனக்குச் சொன்னதைச் செய்தேன்” என்பார். வொக்ஸ்வாகனின் தலைவராயிருந்த மாட்டின் வின்ரர்கோன் 2015 செப்டெம்பர் 23ஆம் திகதி பதவி விலகும்போது, தம் பக்கத்தில் எந்தத் தவறும் நடந்ததாகத் தமக்குத் தெரியாது என்று கூறினார். ஸ்மிட் தமது நீதிபதிக்கு எழுதிய கடிதத்திலே, கலிபோர்னிய அதிகாரியிடம் தாம் பேச வேண்டியதை மேலிடமே வகுத்துத் தந்ததாகவும், தம் சொந்தக் கம்பனியே தம்மைத் தவறாய்ப் பயன்படுத்தியதாகத் தாம் உணர்வதாகவும் எழுதினார். அந்த உணர்வு பொய்யாய் இருக்க வேண்டியதில்லை. ஆனால் சிறைக்குப் போனவர் அவர்தான். கையொப்பம் எவருடையதோ கணக்கும் அவருடையதே.

ஐந்தாவது காரணம்: சிறிது சிறிதாய் இறங்குதல்

முதலில் ஒரு வாகன வகைக்கு மட்டும் என்றுதான் இத்தகைய காரியங்கள் தொடங்கும். பின்பு அடுத்த வகை, அதற்கு அடுத்தது. சில கார்களில் பழுது தோன்றியபோது, வீதியிலும் கார் பரிசோதனை நிலையிலேயே ஓடுவதுதான் காரணமோ என்று பொறியியலாளர் எண்ணினார்கள். மென்பொருளை நீக்க அது நல்ல தருணம். அவர்களோ அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். சுக்கான் திரும்புகின்றதா இல்லையா என்பதைக் கொண்டும் பரிசோதனையை அறியும்படி செய்தார்கள்.

இறுதியிலே, 2015 ஆகஸ்ட் மாதமளவில், விசாரணை வரப்போகின்றது என்று தெரிந்ததும், சுமார் 40 ஊழியர்கள் ஆயிரக்கணக்கான ஆவணங்களை அழித்தார்கள். அந்த நாற்பது பேரிலே பலர், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் “ஒரு நாள் நீ சாட்சியத்தை அழிப்பாய்” என்று எவராவது சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்கள். படிக்கட்டு ஒவ்வொன்றாய் இறங்கியவருக்குத் தாம் வந்த ஆழம் தெரிவதில்லை.

நட்டம் யாருக்கு?

கம்பனிக்காகச் செய்த காரியம் கம்பனிக்கு என்ன பலன் தந்தது? 2017ஆம் ஆண்டில் கம்பனி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, குற்றவியல், குடியியல் தண்டங்களாக 430 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. கார்களைத் திரும்ப வாங்கவும் நட்டஈடு கொடுக்கவும் வழக்குகளை முடிக்கவும் ஏற்பட்ட மொத்தச் செலவு 3,000 கோடி யூரோவுக்கும் அதிகம். 2025 மே மாதத்திலும் வழக்கு ஓயவில்லை. ஜேர்மனியின் பிரவுன்ஸ்வைக் நீதிமன்றம் முன்னாள் அலுவலர் நால்வரைக் குற்றவாளிகளெனக் கண்டு, அவர்களில் இருவருக்குச் சிறைத்தண்டனை விதித்தது.

2006ஆம் ஆண்டில் “முடியவில்லை” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஏற்பட்டிருக்கக்கூடிய செலவு, இதன் பக்கத்திலே மிகவும் சிறியதாய் இருந்திருக்கும். பிழைக்குச் சம்பந்தமில்லாமல் காலையும் மாலையும் நேர்மையாய் உழைத்த ஆயிரமாயிரம் தொழிலாளரின் பெயரும் அந்தப் பெயரோடு சேர்ந்து கெட்டது. இவை கணக்கிடக்கூடியவை. எந்த ஊரில் எந்தப் பிள்ளை அந்தப் புகையினால் கூடுதலாய் இருமியது என்பதை எவரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. முகம் தெரியாதவருக்குச் செய்யும் தீமை இலகுவாய் இருப்பதன் காரணமும் இதுவே.

உண்மை எவ்வாறு வெளிவந்தது?

இதை அறிவது எமக்கு ஆறுதல் தரும். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு சிறு ஆராய்ச்சிக் குழு, டீசல் கார்கள் வீதியில் ஓடும்போது எவ்வளவு புகை விடுகின்றன என்று அளக்கப் புறப்பட்டது. டானியல் கார்டர் அதன் தலைவர். அரவிந்த் திருவேங்கடம் என்பவரும் அக்குழுவில் ஒருவர். அளக்கும் கருவியைக் காரின் பின்புறத்தில் ஏற்றி, ஒரு காரை லொஸ் ஏஞ்சலிசிலிருந்து சியாட்டில் வரை ஓட்டிச் சென்று திரும்பினார்கள். அவர்கள் எவரையும் பிடிக்கப் போனவர்கள் அல்லர். கண்ட எண்ணைக் கண்டபடி எழுதினார்கள்; அவ்வளவே. சோதித்த இரண்டு வொக்ஸ்வாகன் கார்களும் எல்லையைப் பன்மடங்கு தாண்டின. வேறொரு கம்பனியின் கார் பெரும்பாலும் எல்லைக்குள் அடங்கியது. முடிவு 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

கலிபோர்னியாவின் வளி வள சபை விளக்கம் கேட்டது. ஓராண்டுக்கு மேலாகக் கம்பனி பலவகைச் சாட்டுகளைச் சொல்லிக் கொண்டிருந்தது. இறுதியில் 2015 ஆகஸ்ட் 19ஆம் திகதி கலிபோர்னியாவிலே நடந்த ஒரு கூட்டத்தில், கம்பனி ஊழியர் ஒருவர் மேலதிகாரிகள் கொடுத்த அறிவுறுத்தலுக்கு நேர்மாறாக, பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதமாகவும் வீதியில் வேறு விதமாகவும் கார்கள் இயங்குகின்றன என்பதை அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்குள், செப்டெம்பர் 18ஆம் திகதி, செய்தி உலகமெங்கும் பரவியது.

அந்த ஊழியர் கம்பனிக்குத் துரோகியா, விசுவாசியா? அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களைக் கேட்டிருந்தால் துரோகி என்றிருப்பார்கள். இன்று நாம் திரும்பிப் பார்க்கையில், 2006ஆம் ஆண்டிலேயே அவரைப் போன்று இன்னும் ஒருவர் உறுதியாய் நின்றிருந்தால் கம்பனியே தப்பியிருக்கும் என்பது விளங்குகின்றது. தகப்பனின் நோயை மறைக்கும் பிள்ளை அன்புள்ள பிள்ளையா, வைத்தியரிடம் கூட்டிச் செல்லும் பிள்ளை அன்புள்ள பிள்ளையா? செஞ்சோற்றுக் கடனை உண்மையாய்க் கழிப்பது என்பது, சோறு தந்தவர் குழியில் விழப்போகும்போது கையைப் பிடித்து நிறுத்துவதேயாகும்.

நாம் செய்யக்கூடியவை

வேலை செய்வோருக்கு: உங்களிடம் கேட்கப்படும் காரியத்தை வீட்டிலே பேசும் சாதாரண தமிழிலே ஒரு முறை சொல்லிப் பாருங்கள். “சரிக்கட்டுதல்” என்பதை விட்டு, “திகதியை மாற்றி எழுதுதல்” என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லை உங்கள் பிள்ளைக்கு முன்னால் சொல்ல முடியாவிட்டால் அந்தச் செயலையும் செய்ய வேண்டாம். சந்தேகமான உத்தரவு வாய்ச்சொல்லாய் வந்தால், “எழுத்தில் தாருங்கள், ஐயா” என்று பணிவாய்க் கேளுங்கள். பல தடவைகளில் உத்தரவு அத்துடனேயே மறைந்துவிடும். தனித்து நிற்க வேண்டாம். உங்களைப் போல் எண்ணும் ஒருவரையேனும் தேடிக்கொள்ளுங்கள். மறுப்பதோடு நின்றுவிடாமல், நேரான வழி ஒன்றையும் காட்டுங்கள். முதல் தடவையிலேயே மறுப்பது இலகு. பத்தாவது தடவையில் மறுப்பவர், முன் செய்த ஒன்பதுக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

பிறரை வேலைக்கு வைத்திருப்போருக்கு: இலக்கை மட்டும் சொல்லாமல், அதை எட்டக் கூடாத வழி எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கெட்ட செய்தி கொண்டு வருபவனை நீங்கள் எவ்வாறு நடத்துகிறீர்களோ, அதைப் பார்த்தே மற்றவர்கள் உங்களிடம் உண்மை பேசுவதா இல்லையா என்று தீர்மானிப்பார்கள்.

குடும்பத்துக்கு: வேலையால் வரும் தகப்பனிடமும் மகளிடமும் “சம்பளம் கூட்டினார்களா? பதவி தந்தார்களா?” என்று மட்டும் கேளாதீர்கள். “இன்றைய வேலை மனதுக்குச் சரியாய் இருந்ததா?” என்றும் கேளுங்கள். மறுத்துப் பேசினால் வேலை போகலாம் என்பது உண்மை. அதை நாம் மூடி மறைக்கக் கூடாது. அப்படி ஒரு நாள் வந்தால், “ஏன் வாயைக் கொடுத்தாய்?” என்று ஏசும் வீடாக இருக்கப் போகிறோமா, “கஞ்சி குடித்தாலும் சேர்ந்து குடிப்போம்” என்று சொல்லும் வீடாக இருக்கப் போகிறோமா? வேலைத்தலத்தில் ஒருவர் நிமிர்ந்து நிற்பதும் குனிந்து போவதும் பெரும்பாலும் அவருடைய வீட்டில் உள்ளவர்களின் முகத்தைப் பொறுத்தது.

குடும்பமாய் உரையாடுவதற்கு

1. எமது வீட்டில் உழைப்போர் எவரும், தமக்காகச் செய்யாத ஒன்றை வேலைத்தலத்துக்காகச் செய்யும்படி கேட்கப்பட்டதுண்டா? அப்போது யாரிடம் பேசினார்கள்?

2. எமது பேச்சிலே பிழையை மறைக்கும் மென்மையான சொற்கள் எவை? அவற்றுக்குரிய நேரான சொற்கள் எவை?

3. 2006ஆம் ஆண்டில் ஆட்சேபித்து அடங்கிய பொறியியலாளரில் ஒருவர் எமது மகனாயிருந்தால், அன்றிரவு அவருக்கு என்ன சொல்லியிருப்போம்?

4. நன்றியுள்ளவராயும் நேர்மையுள்ளவராயும் ஒரே வேளையில் இருக்க முடியாத நிலை வந்தால், முதலில் எதைக் காப்போம்? அதற்கு எமது வீடு கொடுக்க வேண்டிய விலை என்ன?